தழும்பை யாருக்குக் காட்டுவது?

2013 பிப்ரவரி 11. வத்திக்கானில் கர்தினால்கள் கூடியிருந்தபோது திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் லத்தீனில் ஒரு சிறு அறிக்கையை வாசித்துத் தம் பதவி விலகலை அறிவித்தார். ஏறக்குறைய 600 ஆண்டுகளாக எந்தத் திருத்தந்தையும் செய்யாத காரியம் அது. மறுநாள் ஓர் இத்தாலிய நாளிதழ் இன்னொரு செய்தியைப் போட்டது. அவருக்கு நெடுநாளாகவே பேஸ்மேக்கர் இருக்கிறது, சுமார் மூன்று மாதங்களுக்கு முன்புதான் அதை மாற்றினார்கள் என்றது அந்தச் செய்தி. வத்திக்கான் செய்தித் தொடர்பாளர் ஃபெதரிக்கோ லொம்பார்டி மறுக்கவில்லை. கர்தினாலாக இருந்த காலத்திலேயே பொருத்தியது, இப்போது மாற்றியது வழக்கமான சிகிச்சை, விலகலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

எட்டு ஆண்டுகள் கேமராக்களின் முன்னாலேயே வாழ்ந்த மனிதர். வெள்ளை அங்கிக்குள் ஒரு கருவி இருந்தது, தீர்ந்தது, மாற்றப்பட்டது. உலகம் கவனிக்கவே இல்லை.

அவருக்கு முன்பிருந்த இரண்டாம் ஜான் பால் வேறு வழியில் போனவர். கை நடுங்கியதையோ முகம் இறுகியதையோ அவர் ஒளிக்கவில்லை. தொண்டையில் துளையிட்டுச் சுவாசக் குழாய் வைத்த பிறகு, 2005 மார்ச் 27, உயிர்ப்புப் பெருவிழா அன்று ஜன்னலுக்கு வந்து ஆசி சொல்ல வாய் திறந்தார். குரல் வரவில்லை. கீழே சதுக்கத்தில் நின்றவர்கள் கண்கலங்கினார்கள். ஏப்ரல் 2ஆம் தேதி இறந்தார். மனிதத் துன்பத்துக்கு என்ன பொருள் என்று 1984 பிப்ரவரி 11 தேதியிட்டு ஒரு திருத்தூது மடலே எழுதியவர் அவர். அதே தேதியைப் பிற்பாடு உலக நோயாளர் தினமாகவும் ஆக்கினார். பெனடிக்ட் தம் விலகலை அறிவித்தது அந்த நாளில்தான்.

ஒருவர் உடம்பின் நலிவை ஊர் பார்க்க வைத்தார். மற்றவர் அங்கிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், ஒரே நம்பிக்கையைப் போதித்தவர்கள். இதில் யார் செய்தது சரி என்ற கேள்வி திருச்சபைக்குள் மட்டும் கேட்கப்படுவதில்லை. மார்பில் பேஸ்மேக்கரோடு நடமாடும் எவருக்கும் ஒருநாள் அது வந்து சேர்கிறது. பெரும்பாலும் இரண்டாவது கருவி வைக்கும்போது வருகிறது.

முதல் தடவை யோசிக்க நேரம் இருப்பதில்லை. நின்ற இடத்தில் தலை சுற்றி விழுந்திருப்பார். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு முப்பதுக்கு இறங்கியிருக்கும். உயிர் தங்கினால் போதும் என்று வீட்டார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம், தழும்பு எங்கே வரும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாற்றும் வேளை அப்படியில்லை. பேட்டரி தீரப்போகிறது என்பதைக் கருவியே சில மாதங்களுக்கு முன்பு காட்டிவிடுகிறது. தேதி குறித்து, ஆற அமரப் பேசிச் செய்யக்கூடிய சிகிச்சை அது. அப்போதுதான், பல ஆண்டுகளாக மனத்தில் கிடந்தது வாய்க்கு வருகிறது: டாக்டர், இந்த முறை கொஞ்சம் தெரியாத மாதிரி வைக்க முடியுமா?

கேட்டவுடனே கூசிப்போகிறார்கள். பக்கத்தில் இருப்பவர் முந்திக்கொண்டு, “உயிர் பிழைச்சதே பெரிசு, இது ஒரு விஷயமா?” என்பார். அன்போடு சொல்வதுதான், ஆனால் அதோடு பேச்சு அடைபட்டுவிடுகிறது. நன்றி உள்ளவர் குறை சொல்லக் கூடாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. அந்த எண்ணத்தைச் சும்மா விட்டுவிடக் கூடாது.

கேட்கப்படும் விஷயம் என்ன என்று முதலில் பார்க்கலாம். இன்றைய பேஸ்மேக்கர் பொதுவாக 20 முதல் 30 கிராம் எடையுள்ள, மூடி ஒட்டிய டைட்டானியம் டப்பா. கனம் 6 முதல் 8 மில்லிமீட்டர். பேட்டரியை மட்டும் தனியே கழற்ற முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும். பெரும்பாலும் இடப் பக்கம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, தோலுக்கும் தசைக்கும் நடுவில் ஒரு பை போலப் பிரித்து உள்ளே வைக்கிறார்கள். அங்கிருந்து ஒயர்கள் ரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குப் போகின்றன. நாளாக ஆக, டப்பாவைச் சுற்றி உடம்பே நார்த்திசுவால் ஓர் உறை கட்டிவிடுகிறது. மாற்றும்போது பழைய தழும்பின் மேலேயே கீறி, அந்த உறையைத் திறந்து, பழையதை எடுத்து, அதே ஒயர்களில் புதியதை மாட்டுகிறார்கள். புதியதன் வடிவம் பழையதைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பு அடங்கிக் கிடந்த இடத்தில் இப்போது ஒரு விளிம்பு துருத்தும். இடைப்பட்ட பத்து ஆண்டில் ஆள் மெலிந்திருந்தால் மேடு இன்னும் தூக்கலாகத் தெரியும்.

வேறு வழிகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலையும் உண்டு. மார்புத் தசைக்கு அடியில் வைத்தால் மேடு அமுங்கும், மெல்லிய தோல் அரிபட்டுக் கருவி வெளியே வரும் ஆபத்தும் குறையும். ஆனால் வலியும் ரத்தக் கசிவும் அதிகம், அடுத்த தடவை திறப்பதும் கடினம். அக்குள் ஓரமாகவோ மார்பகத்தின் அடி மடிப்பிலோ கீறினால் தழும்பு மறையும். ஆனால் பழைய ஒயரின் நீளம் எவ்வளவு தூரம் இடம் கொடுக்கும் என்பது வேறு. டப்பா சிறிதாக இருந்தால் பேட்டரியும் சிறிது, அடுத்த மாற்றம் சீக்கிரம் வரும். மாற்றும் சிகிச்சையில் தொற்று ஏற்படும் ஆபத்து முதல் சிகிச்சையைவிட அதிகம் என்பதால், மருத்துவர்கள் பையைத் தேவைக்கு மேல் கிளற விரும்ப மாட்டார்கள். இதை எல்லாம் கேட்டுவிட்டு, “அப்ப இருக்கற இடத்துலயே இருக்கட்டும்” என்று ஒருவர் சொல்லலாம். கேட்டுத் தெரிந்துகொண்டு அப்படிச் சொல்வதற்கும், கேட்கக் கூசி வாயை மூடிக்கொள்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இந்தக் கருவியின் வரலாறே, வெளியே இருந்தது படிப்படியாக உள்ளே போன கதைதான். 1952இல் பாஸ்டனில் பால் ஸோல் பயன்படுத்திய இயந்திரம் சுவர் மின்சாரத்தில் ஓடியது. தோலின் மேலிருந்தே மின்துடிப்பைக் கொடுத்தது, நோயாளிக்கு வலித்தது, தோல் பொசுங்கியது. 1957இல் மினியாபொலிஸில் ஏர்ல் பேக்கன் பேட்டரியில் ஓடும் சிறு பெட்டி செய்தார். அதை உடம்போடு மாட்டிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்குள் நடக்க முடிந்தது. மறு வருடம் அக்டோபர் 8ஆம் தேதி, ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்ற 43 வயது மனிதருக்கு முதன்முறையாக முழுக் கருவியையும் உடம்புக்குள் வைத்தார்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது தடவை மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். மனைவி எல்ஸ் மாரிதான் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங்கையும் பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்டையும் விடாமல் நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவர். கருவியை ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து பிசின் ஊற்றி வார்த்தார்கள். குறுக்களவு 55 மில்லிமீட்டர், கனம் 16 மில்லிமீட்டர். வயிற்றுச் சுவரில் வைத்தார்கள். சில மணி நேரம்தான் ஓடியது. கையில் இருந்த இன்னொன்றை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு லார்சன் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். மொத்தம் 26 பேஸ்மேக்கர்கள். தம்மைக் காப்பாற்றிய மருத்துவரும் பொறியாளரும் காலமான பிறகும் இருந்து, 2001 டிசம்பரில் 86ஆம் வயதில், இதய நோயால் இல்லாமல் புற்றுநோயால் இறந்தார். பிற்காலத்தில் மேடைகளில் தோன்றித் தம் கதையைச் சொன்னவர் அவர். தழும்பை ஒளிக்க அவர் விரும்பவில்லை. அது அவருடைய விருப்பம் என்பதுதான் இங்கே முக்கியம்.

சரி, மார்பில் ஒரு சிறு மேடு ஏன் இத்தனை தொந்தரவு செய்கிறது? மருத்துவமும் படித்த அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் ட்ரூ லெடர் 1990இல் எழுதிய நூலில் இதற்கு ஒரு பதில் இருக்கிறது. நலமாக இருக்கும்போது உடம்பு கண்ணில் படாமல் ஒதுங்கிவிடுகிறது, நடக்கும்போது காலை யாரும் நினைப்பதில்லை. நோய் வந்தால்தான் உடம்பு முன்னால் வந்து நிற்கிறது என்கிறார். பேஸ்மேக்கர் விசித்திரமான ஒன்று. அது இதயத்தை மறக்க வைக்கிறது, தன்னை நினைக்க வைக்கிறது. பிரெஞ்சுத் தத்துவவாதி ழான் லுக் நான்சி, மாற்று இதயம் பொருத்திக்கொண்டு ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதினார். அழைக்காமல் உள்ளே வந்த அந்நியன் எது என்று அதில் தேடிக்கொண்டே போகிறார். வந்த இதயமா? தன்னைக் கைவிட்ட பழைய இதயம்தான் முதல் அந்நியன் என்று அவருக்குப் படுகிறது. ‘என் உடம்பு’ என்று சொல்லும்போது எங்கே கோடு போடுவது என்பது அவருக்கே பிடிபடவில்லை.

வெளிக்கோடு விஷயத்தில் மனிதருக்கு அவ்வளவு குழப்பம் இல்லை. நம்மைப் பிறர் பார்ப்பது அந்தக் கோட்டின் வழியாகத்தான். திருச்செந்தூரில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் முருகன் முன்னால் போக வேண்டும். அறுபது வயதுக்காரர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அது என்ன கட்டியா?” என்கிறார். கேட்டவர் கெட்டவரில்லை. ஆனால் சாமியைப் பார்க்க வந்த மனிதர் அடுத்த கால் மணி நேரம் தம் இதயத்தின் கதையைச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது, அல்லது மேல்துண்டால் மூடிக்கொண்டு பேசாமல் நிற்க வேண்டியிருக்கிறது. பெண்களுக்கு முந்தானை இடத் தோளில் விழுவதால் மேடு மறைந்துவிடும். ஆனால் உள்ளாடைப் பட்டை சரியாக அந்த இடத்தில் உராயும். சட்டைப் பை இடப் பக்கம் இருப்பதால், ஆண்கள் செல்போனைப் போடும் இடமும் கருவியின் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. போனை அங்கே வைக்காதீர்கள் என்பது மருத்துவர் சொல்லும் முதல் அறிவுரைகளில் ஒன்று. நம் ஊர் காரில் ஓட்டுபவருக்கு சீட் பெல்ட் வலத் தோளில் வரும், பக்கத்தில் உட்காருபவருக்கு இடத் தோளில் வந்து மேட்டின் மேல் அழுத்தும். மேட்டின் இடம் பற்றிய பேச்சை அழகு பற்றிய கவலை என்று தள்ளிவிடுபவர்கள் இதை எல்லாம் ஒரு நாள் அணிந்து பார்த்ததில்லை.

இனி, சமயம் என்ன சொல்கிறது? ஆறுதல் சொல்ல வருபவர்கள் பலரும் பட்டினத்தார் வழியில் பேசுவார்கள். இந்த உடம்பு என்ன சாசுவதமா, எரியப்போகிற கட்டைக்கு எதற்கு இத்தனை கவலை என்பார்கள். அந்த மரபு உண்மையானது, அதன் கடுமைக்கு ஒரு தேவையும் இருக்கிறது. ஆனால் சைவத்தில் அது மட்டுமே இல்லை. உடம்பை இழிவாக நினைத்திருந்த தாம், உள்ளே இறைவன் இருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகச் சொல்கிறவர் திருமூலர். உடம்பையே கோயிலாகக் கண்டவர். அவர் வழியில் யோசித்தால், எது எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி சின்னக் கேள்வியாக இருக்க முடியாது. கோயிலில் ஒரு பலிபீடத்தைக்கூட யாரும் வசதிப்பட்ட இடத்தில் வைத்துவிடுவதில்லை. இதயம் முழுக்கக் கருவியையே நம்பியிருக்கும் ஒருவருக்கு பேஸ்மேக்கர் மாற்றும்போது, பழையதைக் கழற்றும் நேரத்துக்கென்று தற்காலிகமாக வேறு வழியில் துடிப்பைக் கொடுப்பதுண்டு. திருப்பணி நடக்கும்போது மூலவரின் சக்தியைப் பாலாலயத்தில் எழுந்தருளச் செய்து, அஷ்டபந்தனம் சாத்திய பின் மறுபடி கருவறைக்குக் கொண்டுவருவது போன்ற ஏற்பாடு. கும்பாபிஷேகத்துக்கு வைத்திருக்கும் 12 ஆண்டுக் கணக்கும் ஒரு நல்ல பேட்டரியின் ஆயுளுக்கு வெகு தூரத்தில் இல்லை.

சென்னைக்கு மேற்கே திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு இதய நோயாளிகள் வேண்டிக்கொண்டு வருவது வழக்கம். பூசலார் நாயனாரின் ஊர் அது. கையில் காசில்லாத அவர் மனத்துக்குள்ளேயே கல் சேர்த்து, மண்டபம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலுக்கும் குடமுழுக்கு. நாளைத் தள்ளி வை, நான் பூசலார் கோயிலுக்குப் போகிறேன் என்று இறைவன் மன்னன் கனவில் சொன்னதாகப் பெரிய புராணம் கூறுகிறது. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதற்கும் இறைவனிடம் மதிப்பு உண்டு என்று இதய நோயாளிக்கு அந்த ஊரே சொல்கிறது. பெனடிக்டின் மௌனத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கதை உதவும்.

காட்டுவதற்கும் மதிப்பு உண்டு. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பில் காயங்கள் மறையவில்லை என்கிறது யோவான் நற்செய்தி. அதே அதிகாரத்தில் இரண்டு சந்திப்புகள் வருகின்றன. கல்லறைத் தோட்டத்தில் மகதலா மரியாவிடம், தம்மைப் பற்றிக்கொள்ள வேண்டாம் என்கிறார். எட்டு நாள் கழித்து, நேரில் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்த தோமாவிடம், விலாவில் கை வைத்துப் பார் என்கிறார். ஒரே உடம்பு, ஒருவரைத் தள்ளி நிற்கச் சொல்லியது, ஒருவரைத் தொட அழைத்தது. யார் நெருங்கலாம் என்று முடிவு செய்தவர் காயம்பட்டவர். அந்தத் தோமாதான் மரபுப்படி மயிலாப்பூருக்கு வந்தவர். பரங்கிமலையும் சாந்தோமும் அவர் நினைவில் நிற்பவை. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன் ‘கடவுளின் நகரம்’ நூலின் கடைசிப் பகுதியில், உயிர்த்தெழும் உடம்பில் எல்லாக் குறையும் நீங்கினாலும் மறைசாட்சிகளின் தழும்புகள் மட்டும் இருக்கக்கூடும், அவை அங்கே குறையாகத் தோன்றாமல் பெருமையாகவே தோன்றும் என்று எண்ணிப் பார்க்கிறார். பேஸ்மேக்கர் தழும்பு விசுவாசத்துக்காகப் பட்ட காயம் இல்லைதான். ஆனாலும் தழும்பு என்றாலே அவமானம் என்று நினைக்கும் மனத்துக்கு அந்தப் பக்கம் மருந்தாகும்.

ஜான் பால் செய்ததே புனிதம், பெனடிக்ட் செய்தது ஒளிப்பு என்று பிரிப்பது அதனால்தான் தவறாகிறது. 1989இல் அன்னை தெரசாவுக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள், செய்தி உலகெங்கும் போயிற்று. அதற்குப் பிறகும் எட்டு ஆண்டுகள் அவர் தம் வேலையைப் பார்த்தார். தெரிந்ததால் அவருக்குக் கூடியதும் இல்லை, தெரியாததால் பெனடிக்டுக்குக் குறைந்ததும் இல்லை. தம் மேட்டை மறைக்க விரும்பும் இளம்பெண் பொய் சொல்கிறாள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அக்கம்பக்கத்தாருக்கு அவள் இதயத்தின் மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. மணக்கப்போகிறவருக்கு உண்டு. அவரிடம் நிச்சயத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், அங்கே மறைப்பது வஞ்சனை. மதுரை மீனாட்சியம்மன் கோயில் வாசலில் சோதனை செய்யும் காவலருக்கும் ஓரளவு தெரிய வேண்டும். மெட்டல் டிடெக்டர் வாசலைச் சாதாரணமாக நடந்து கடக்கலாம், கையில் பிடித்துத் தடவும் கருவியை மார்பின் மேலேயே வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பேஸ்மேக்கர் அட்டையைக் காட்டினால் போதும், கதை சொல்ல வேண்டியதில்லை.

முழுக்கவே கண்ணில் படாத கருவியும் இப்போது வந்துவிட்டது. 2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒயர் இல்லாத பேஸ்மேக்கர் ஒன்று பெரிய வைட்டமின் மாத்திரை அளவுதான், எடை 2 கிராமுக்கும் குறைவு. தொடையின் ரத்தக் குழாய் வழியாகக் கொண்டுபோய் இதயத்துக்குள்ளேயே பொருத்துகிறார்கள். மார்பில் தழும்பும் இல்லை, மேடும் இல்லை. எல்லா இதயக் கோளாறுக்கும் அது ஒத்துவராது. ஏற்கெனவே நல்ல ஒயர்கள் உள்ளவருக்கு டப்பாவை மாற்றுவதே பெரும்பாலும் எளிது. விலையும் நம் ஊரில் எல்லோருக்கும் கட்டுப்படியாகாது. இருந்தாலும், இந்த முறை எனக்கு அது பொருந்துமா என்று மாற்றப்போகும் எவரும் கேட்கலாம்.

இன்னோர் இடத்திலும் மறைத்தல் கூடாது. வழக்கமான பேஸ்மேக்கரின் பேட்டரி தீயில் வெடிக்கும். 1976இல் பிரிட்டனில் ஒரு தகன நிலையத்தில் அப்படி வெடித்தது பதிவாகியிருக்கிறது. எரியூட்டுவதற்கு முன்பு அதை எடுத்துவிட வேண்டும், சிறு கீறலில் சில நிமிட வேலைதான். அந்த நேரத்தில் வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருப்பார்கள், ஒருவருக்கும் நினைவு வராது. மேட்டை ஊருக்கு மறைத்தே வாழ்ந்தவர்கூட வீட்டில் ஒருவரிடமாவது, மகளிடமோ தம்பியிடமோ, சொல்லி அட்டை இருக்கும் இடத்தையும் காட்டிவைக்க வேண்டும். புதிய கருவியோடு புதிய அட்டையும் வரும். பழையதைக் கிழித்துப்போட்டுவிட்டு, புதியதை பீரோவில் ரேஷன் கார்டு, ஆதார் இருக்கும் தட்டிலேயே வைக்கலாம்.